புதிய கார்ன் ஸ்நேக் குட்டி கையைக் கண்டாலே மிரள்கிறது, எப்படிப் பழக்குவது?

வேப்பம்பூ:

வணக்கம். நான் லண்டனில் வசிக்கிறேன். என் பதினொரு வயது மகள் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்ததால், பத்து நாட்களுக்கு முன்பு ஒரு வளர்ப்பாளரிடமிருந்து கார்ன் ஸ்நேக் என்ற இனத்தைச் சேர்ந்த நான்கு மாதப் பாம்புக் குட்டி ஒன்றை வாங்கி வந்தோம். பென்சில் பருமன்தான் இருக்கும். நீளம் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. வந்த அன்று மாலையே ஆசை மிகுதியால் வீட்டில் எல்லோரும் மாறி மாறிக் கையில் வாங்கிப் பார்த்தோம். அன்றிலிருந்து மூடியைத் திறந்தாலே கழுத்தை வளைத்துப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு வால் நுனியைப் படபடவென்று அடிக்கிறது. கீழே விரித்திருக்கும் காகிதத்தில் அந்தச் சத்தம் கிலுகிலுப்பை போலக் கேட்கிறது. நேற்று மகளின் விரலில் கொத்திவிட்டது. நஞ்சில்லாத இனம், ரத்தமும் வரவில்லை. ஆனாலும் பிள்ளை பயந்துவிட்டாள். இதுவரை ஒரு முறைதான் இரை எடுத்திருக்கிறது. தினமும் கையில் எடுத்தால்தான் பழகும் என்கிறார் ஒருவர், ஒரு மாதம் தொடவே கூடாது என்கிறார் இன்னொருவர். எதைக் கேட்பது?

புற்றுமண்:

சகோதரிக்கு வணக்கம். உங்கள் குட்டி முரட்டுக் குட்டி என்று தயவுசெய்து முடிவுகட்டிவிடாதீர்கள். இந்த இனத்தின் தாயகமான அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில், முட்டையிலிருந்து வெளிவந்த நாள் முதலே இக்குட்டிகளைப் பறவைகளும் பிற பாம்புகளும் தின்கின்றன. ஆகவே மேலிருந்து இறங்கி வரும் எதையும் அது பருந்தின் காலாகத்தான் எடுத்துக்கொள்ளும். பதினைந்து, இருபது ஆண்டுகள் உங்களோடு இருக்கக்கூடிய பிராணிக்காக மூன்று வாரம் காத்திருப்பதில் எந்த நட்டமும் இல்லை.

இப்போதைக்குத் தொடாதீர்கள். அடுத்தடுத்து மூன்று முறை மறுக்காமல் இரை எடுத்து, கக்காமல் செரித்த பிறகு தொடங்கலாம். அதுவரை பெட்டியைக் கவனியுங்கள். சூடான பக்கம் 29 முதல் 30 டிகிரி வரையும், மறுபக்கம் 24 டிகிரி அளவிலும் இருக்க வேண்டும். சூடேற்றும் விரிப்பான ஹீட் மேட்டுக்கு, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம், இல்லாவிட்டால் வயிற்றுப்புறம் வெந்துவிடும். இரு பக்கமும், சுருண்டு படுத்தால் உடல் சுவரில் உரசுகிற அளவுக்குச் சிறிய மறைவிடம் ஒவ்வொன்று வேண்டும். நான் முதன்முதலில் வளர்த்த குட்டிக்குப் பெரிய கண்ணாடித் தொட்டியும் அதில் ஒரே ஒரு குகையும் வைத்துவிட்டு, அது ஏன் ஓயாமல் மிரள்கிறது என்று விளங்காமல் மாதக்கணக்கில் தவித்திருக்கிறேன். தொட்டியின் மூன்று பக்கமும் அட்டையால் மறைத்து, உள்ளே காய்ந்த இலைகளையும் அட்டைக் குழாய்களையும் நிறைத்த பிறகுதான் அது தானாகவே வெளியே வந்து உலவியது.

எடுக்கும் நாளில் மறைவிடத்தை மெல்லத் தூக்கி, கையைப் பக்கவாட்டில் கொண்டுபோய், உடலின் நடுப்பகுதிக்கு அடியில் கொடுத்துத் தயங்காமல் ஏந்துங்கள். பாதிவழியில் நின்று நடுங்கும் கைதான் அதை மிகவும் கலவரப்படுத்துகிறது. தலையையும் வாலையும் பிடிக்காமல், ஒரு கையிலிருந்து மறு கைக்கு அதன் போக்கில் ஊர விடுங்கள். விழுந்தாலும் அடிபடாதபடி தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், ஐந்து நிமிடம் போதும். தப்பிக்கும் வேகம் தணிந்து, நாக்கு நிதானமாக வெளியே வந்து போகத் தொடங்கும்போது திரும்ப விட்டுவிடுங்கள். இரை எடுத்த 48 மணி நேரத்துக்கு மட்டும் கை வைக்கவே கூடாது. கக்கிவிட்டால் குட்டி மிகவும் நலிந்துபோகும்.

தூறல்:

மேலே சொன்னதோடு ஒன்று. கொத்தி உடனே விட்டுவிட்டது என்றால் அது பயம். பிடித்துக்கொண்டு விரலைச் சுற்றினால், கையை இரை என்று நினைத்துவிட்டது. இரண்டாவது நிலையில் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். பற்கள் உள்நோக்கி வளைந்தவை, இழுத்தால் உங்களுக்கும் காயம், அதன் வாய்க்கும் காயம். குளிர்ந்த நீரில் காட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். எலியை எப்போதும் இடுக்கியால் மட்டும் கொடுங்கள். எடுப்பதற்கு முன் வாசனையில்லாத சோப்பால் கையைக் கழுவுங்கள். விட்ட பின்பும், சால்மொனெல்லா கிருமிக்காக, மகளைக் கட்டாயம் கழுவச் சொல்லுங்கள்.

பிள்ளையின் பயத்துக்கும் வழி உண்டு. என் மகனுக்குத் தினமும் தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றும் வேலையைக் கொடுத்திருந்தேன். பாம்பைத் தொடாமல், அது இருக்கும் இடத்தில் கையை நிதானமாக நுழைத்து எடுக்க அவன் கற்றுக்கொண்டான். அந்தக் கை வந்தால் ஒன்றும் நேராது என்று பாம்பும் பழகிக்கொண்டது.

வேப்பம்பூ:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று அளந்து பார்த்ததில் சூடான பக்கமே 25 டிகிரிதான் இருந்தது. தெர்மோஸ்டாட்டும் இன்னொரு மறைவிடமும் வாங்கிவிட்டேன். இன்று காலையிலிருந்து கண்கள் பால் படர்ந்தாற்போல நீலம் பூத்திருக்கின்றன. இது நோயா?

புற்றுமண்:

நோயில்லை, சட்டை உரிக்கப்போகிறது. அந்த நாட்களில் பார்வை மங்கிவிடுவதால் இன்னும் எளிதில் மிரளும். நேற்று கொத்தியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். கண் தெளிந்து சில நாட்களில் உரிக்கும். ஈரப் பாசி வைத்த சிறு டப்பா ஒன்றை உள்ளே வையுங்கள். உரித்த சட்டையை எடுத்துக் கண்களை மூடியிருந்த மெல்லிய தோலும் வால் நுனியும் முழுமையாக வந்திருக்கின்றனவா என்று மகளையே பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு மறுநாள் இரை கொடுத்து, அங்கிருந்து மூன்று வேளையை எண்ணத் தொடங்குங்கள்.