பாஸ் மரிம்பா: சுருதி சரி, சத்தம் சரியில்லை. உதவி!

உப்புவெளி_தாளம்:
வீட்டில பாஸ் மரிம்பா ஒண்டு செய்யிறன், மரக்கட்டைகளை வரிசையா அடுக்கித் தடியால அடிச்சு வாசிக்கிற, கீழ்ச் சுருதி வாத்தியம். ஏ2 எண்ட சுரத்துக்குரிய கட்டையை அடிப்பக்கத்தில குடைஞ்சு 110 ஹெர்ட்ஸுக்குக் கொண்டு வந்திட்டன். சுருதி பாக்கிற ஆப்பில சரியெண்டு பச்சை எரியுது. அடிச்சா மேல ஒரு சுரம் அபஸ்வரமா இழுக்குது. எங்க சீவோணும்? கெதியா சொல்லுங்கோ, பள்ளிக்கூட விழாவுக்கு வேணும்.

கின்னியா_ரவுட்டர்:
எந்த மரம்? நீளம், தடிப்பு? கட்டையைத் தாங்கிற கயிறு எங்க போட்டிருக்கிறீங்க? எதால அடிக்கிறீங்க? ஒண்டையும் சொல்லாட்டி நாங்க என்ன சாத்திரமா பாக்கிறது?

மரக்காலை_மருமகன்:
மரத்திலதான் பிழை. கச்சான் காத்துக்கு வெளியில காய்ஞ்சிருக்கும், உள்ளுக்க ஈரம் கிடக்கும். இப்ப சுருதி பார்த்த கட்டை மாரிக்கு இறங்கும். தேக்கெண்டா விட்டிட்டு முதிரை எடுங்கோ.

கட்டைபறிச்சான்_காரன்:
தடியை மாத்துங்கோ. ரப்பர் பந்தில கம்பளி நூல் சுத்தி மெத்தெண்டு அடிச்சா மேல் சுரம் எழும்பாது.

சுருதிசுத்தம்:
தம்பி, செய்ய முதல் கொஞ்சம் வாசிச்சிருக்கலாம். ஒரே தடிப்பான பலகையில இரண்டாவது அதிர்வு, அதாவது உங்களுக்கு மேல கேக்கிற சுரம், அடிச் சுரத்தைப்போல (கட்டையின்ர முதல் அதிர்வைப்போல) 2.76 மடங்கு. நடுவைக் குடையக் குடைய விகிதம் ஏறும். இதே மாதிரிக் கட்டை வாத்தியமான சைலபோனுக்கு 3இல நிப்பாட்டுவினம். மரிம்பாவுக்கு 4, அதாவது இரண்டு ஸ்தாயி மேல. உங்கட கட்டைக்கு 440 வரோணும். ஆப்பில பச்சை எரியிறது அடிச் சுரத்துக்கு மட்டும். இதெல்லாம் அரிச்சுவடி.

கின்னியா_ரவுட்டர்:
அளக்கிற விதத்தையும் சொல்லுங்கோவன் அண்ணை. தம்பி, கட்டையின்ர நட்ட நடுவில விரல் நுனியை வைச்சுக்கொண்டு முனைக்குக் கிட்ட அடியுங்கோ. நடு, இரண்டாவது அதிர்வுக்கு அசையாத இடம். விரல் அடிச் சுரத்தை அமத்திப்போடும், மிச்சம் கேக்கிறதை அளவுங்கோ. பிறகு நீளவாக்கு ஓரத்தில ஒருக்கா, நடுக்கோட்டில ஒருக்கா அடியுங்கோ. ஓரத்தில மட்டும் அந்தச் சத்தம் வந்தா அது கட்டை முறுகிற அதிர்வு, அது வேற கதை.

உப்புவெளி_தாளம்:
425. நடுக்கோட்டிலயும் கேக்குது.

மூதூர்_மத்தளம்:
அடியில நடுவில தேன்மெழுகு ஒட்டுங்கோ, மிருதங்கத் தோலின்ர நடுவில கரணை எண்ட கறுப்புப் பூச்சுப் போடுற மாதிரி.

சுருதிசுத்தம்:
கரணை தோலுக்கு. மரத்துக்கில்லை.

மூதூர்_மத்தளம்:
கரணையின்ர பாரத்தாலதான் மிருதங்கத்தின்ர மேல் சுரங்கள் ஒழுங்கான மடங்குக்கு வருது எண்டு சி. வி. ராமன் 1920இலயே எழுதிப்போட்டார். பாரம் பாரம்தான், தோலென்ன மரமென்ன?

சுருதிசுத்தம்:
ராமன் மரிம்பா அடிச்சவரோ?

மரக்காலை_மருமகன்:
மிருதங்கமே பலாக் கட்டை. எல்லாம் மரத்திலதான் கிடக்கு எண்டு அப்பவே சொன்னன்.

கின்னியா_ரவுட்டர்:
சண்டையைப் பிறகு பிடியுங்கோ. 425 எண்டா விகிதம் 3.86, கிட்டத்தட்ட 60 செண்ட் குறைவு (அரைச் சுரம் எண்டா 100 செண்ட்). நடுவுக்கும் கயிறு போற இடத்துக்கும் இடையில கூடக் குடைஞ்சிருப்பீங்க. அங்க எடுத்தா இரண்டாவதுதான் கெதியா இறங்கும். போன மரம் திரும்பி வராது, ஆனா வழி இருக்கு. இரண்டு முனையிலயும் அரத்தால ஒரே அளவு கொஞ்சம் கொஞ்சமா எடுங்கோ, இரண்டு சுரமும் சேர்ந்து ஏறும். 440ஐக் கொஞ்சம் தாண்டினதும் நிப்பாட்டி, நட்ட நடுவில அடியில மட்டும் சுரண்டி அடிச் சுரத்தை 110க்கு இறக்குங்கோ. இரண்டாவது அவ்வளவா அசையாது. அரம் போட்ட சூட்டோட அளக்க வேண்டாம், சுருதி இறங்கிக் காட்டும். ஆற விடுங்கோ. கயிறு போற இடம் நேர்ப் பலகைக்கு முனையில இருந்து நீளத்தில 22.4 வீதம். குடைஞ்ச கட்டைக்குக் கொஞ்சம் மாறும், உப்புத் தூவித் தட்டிப் பாருங்கோ, சேருற கோட்டிலதான் கயிறு.

மூதூர்_மத்தளம்:
நடுவில சுரண்டுறதுக்குப் பதிலாத்தானே மெழுகு எண்டனான்! இரண்டும் ஒரே வேலைதான்.

சுருதிசுத்தம்:
திருகோணமலை வெயிலுக்கு மெழுகு. வாழ்த்துகள்.

உப்புவெளி_தாளம்:
439, 110. இப்ப நல்லாக் கேக்குது. மற்றக் கட்டைகளையும் இப்பிடியே பாக்கிறன். எல்லாருக்கும் நன்றி.

மரக்காலை_மருமகன்:
எந்த மரமெண்டு இன்னும் சொல்லேல்லை.