மறு: டூல்டிப் – சுட்டுக்குறிப்பா, எழுகுறிப்பா?

அனைவருக்கும் வணக்கம்.

டூல்டிப்புக்கு, அதாவது திரையில் ஒன்றின் மேல் சுட்டியை (மவுஸை) நிறுத்தினால் தோன்றும் சிறு குறிப்புப் பெட்டிக்கு, தமிழில் என்ன பெயர் வைப்பது என்று இந்த இழை நாலு நாளாக ஓடுகிறது. நான் ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். நேற்று எங்கள் விக்கியில் கலைச்சொல் நீட்சியை (கூடுதல் வசதி தரும் துணைநிரலை) நிறுவிவிட்டு, அதன் சரங்களை, அதாவது திரையில் வரும் வாசகங்களைத் தமிழாக்கலாம் என்று உட்கார்ந்தபோதுதான் இனியும் சும்மா இருக்க முடியாது என்று தெரிந்தது. சரங்கள் கொஞ்சம்தான். ஆனால் உதவிப் பக்கத்தின் முதல் வாக்கியத்திலேயே டூல்டிப் வந்து நிற்கிறது.

நீட்சியைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. விக்கித் தளங்களை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளில் லிங்கோ என்று ஒரு நீட்சி இருக்கிறது. விக்கியில் ஒரு பக்கத்தைச் சொற்பட்டியலாக ஒதுக்கிவிட வேண்டும். அந்தப் பக்கத்தில் வரியின் தொடக்கத்தில் அரைப்புள்ளி வைத்துச் சொல்லையும், முக்காற்புள்ளி வைத்துப் பொருளையும் எழுதினால் போதும். அப்புறம் விக்கியின் எந்தப் பக்கத்தில் அந்தச் சொல் வந்தாலும் அதன்கீழ்க் கோடு விழும். சுட்டியை மேலே கொண்டுபோனால் பொருள் ஒரு சிறு பெட்டியில் வரும். ஒரு பக்கத்தில் ஒரே சொல் நாற்பது முறை வந்தால் நாற்பது இடத்திலும் கோடு விழுவதைத் தடுக்க, முதல் இடத்தில் மட்டும் காட்டு என்று அமைப்பில் சொல்லிவிடலாம். எழுதுகிறவர் இணைப்பு எதுவும் போட வேண்டியதில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

> 'கருவிக்குறிப்பு' ஏற்கெனவே புழங்குகிறது. இருப்பதை விட்டுவிட்டு இன்னொன்று எதற்கு?

நியாயமான கேள்வி. புழங்கும் சொல்லைப் போட்டுடைப்பதில் எனக்கும் விருப்பமில்லை. ஆனால் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கருவிப்பட்டையில் வரிசையாகப் படங்கள் இருக்கும், எது எதற்கு என்று தெரியாது, சுட்டியை நிறுத்தினால் அந்தக் கருவியின் பெயர் வரும். அந்த இடத்தில் அது கருவிக்குறிப்புதான், குறையே இல்லை. நம் பக்கத்தில் கருவி எங்கே இருக்கிறது? ஒரு பத்தி இருக்கிறது, பத்திக்குள் ஒரு சொல் இருக்கிறது, அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்கிறோம். ஆங்கிலக்காரர்கள் பழைய பெயரைப் புதிய வேலைக்கும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். நாமும் அதே சுமையைத் தூக்க வேண்டுமா? அவர்களுக்குள்ளேயே இதில் ஒருமித்த பேச்சு இருந்ததில்லை. ஆப்பிள் 1991இல் சிஸ்டம் 7 இயங்குதளத்தை வெளியிட்டபோது இதே வேலையைச் செய்ததற்குப் பலூன் உதவி என்று பெயர் வைத்தது. பேச்சுக்குமிழி போலவே வரையவும் செய்தது.

> சுட்டியால் சுட்டும்போது வருவதால் 'சுட்டுக்குறிப்பு'.

சொல் அழகாகத்தான் இருக்கிறது. சுட்டெழுத்து, சுட்டுப்பெயர் என்று இலக்கணத்திலேயே வேர் இருக்கிறது என்று நண்பர் எழுதியிருந்ததும் சரி. எனக்கு இரண்டு தயக்கம். முதலாவது கொஞ்சம் விளையாட்டானது: இணையத்தில் சுட்டது என்றால் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். விக்கியில் போய் சுட்டுக்குறிப்பு என்றால், எங்கிருந்து சுட்டீர்கள், பதிப்புரிமை என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். போதாக்குறைக்குச் சுட்டி என்ற சொல்லைப் பாதிப் பேர் கையில் பிடிக்கும் சாதனத்துக்கும் மீதிப் பேர் இணைப்புக்கும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது தயக்கம் விளையாட்டில்லை. சுட்டியே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். கைபேசியில் படிப்பவருக்குச் சொல்லின் மேலே கொண்டுபோய் நிறுத்துவது என்று ஒரு செயலே கிடையாது. தொட்டால் உண்டு, தொடாவிட்டால் இல்லை. விசைப்பலகையை மட்டும் கொண்டு உலாவுகிறவர் தத்தல் விசையால் (Tab) அந்தச் சொல்லுக்கு வந்து சேர்வார். 2018இல் வந்த வலை உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டுதல் (WCAG) 2.1இல், 1.4.13 என்ற விதி முழுக்க இந்தப் பெட்டியைப் பற்றித்தான் பேசுகிறது. சுட்டியை நகர்த்தாமலே பெட்டியை மூட வழி வேண்டும். சுட்டியைப் பெட்டியின் மேல் கொண்டுபோனாலும் அது மறைந்துவிடக் கூடாது. படிப்பவர் தானாக விலகும்வரை நிற்க வேண்டும். அந்த விதியிலேயே சுட்டியையும் விசைக்குவியத்தையும் (விசைப்பலகையால் ஓரிடத்துக்கு வந்து நிற்பதையும்) சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே கையசைவை வைத்துப் பெயர் சூட்டினால், சாதனம் மாறும்போது பெயர் பொய்யாகிவிடும். தொடுகுறிப்பு என்று ஒருவர் சொன்னதற்கும் இதுவே என் பதில்.

மிதவைக்குறிப்பு என்று இன்னொருவர் சொன்னது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படித்ததும் எனக்குப் படகுதான் நினைவுக்கு வந்தது.

> இது நம்மிடம் எப்போதோ இருந்தது. அரும்பதவுரை என்பார்கள்.

இந்த மடலைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேறு எதுவும் செய்யவில்லை. ஐயா சொன்னது முற்றிலும் உண்மை. சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்கு நல்லார் உரை எழுதுவதற்கு முன்பே ஒருவர் அரிய சொற்களுக்கு மட்டும் பொருள் சொல்லிப் போயிருக்கிறார். பெயர் தெரியாததால் அவரை அரும்பதவுரையாசிரியர் என்றே சொல்கிறோம். உ.வே.சாமிநாதையர் 1892இல் அந்த நூலைப் பதிப்பித்தபோது இரண்டு உரைகளையும் சேர்த்தே அச்சிட்டார். கதையைச் சொல்லவில்லை, நயம் பேசவில்லை. இந்தச் சொல்லுக்கு இது பொருள், அடுத்த சொல்லுக்குப் போ. லிங்கோ செய்வது இதைத்தான். பள்ளிப் பாடப்புத்தகத்தில் செய்யுளுக்குக் கீழே அருஞ்சொற்பொருள் என்று படித்தோமே, அதுவும் இந்தக் குடும்பம்.

ஆனால் ஐயா, ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். அரும்பதவுரை என்பது பெட்டிக்குள் இருக்கும் பொருளுக்குப் பெயர். அது எங்கே, எப்படித் தோன்றுகிறது என்பதற்குப் பெயர் அல்ல. அடிக்குறிப்பு என்றால் அடியில் இருக்கிறது என்று தெரிகிறது. அதில் மேற்கோளும் இருக்கலாம், திட்டும் இருக்கலாம். டூல்டிப் அந்த வகைச் சொல். அதற்குள் கலைச்சொல்லின் பொருள் வரலாம், பொத்தானின் பெயர் வரலாம், முழுத் தேதி வரலாம். நாம் இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கப் பார்ப்பதால்தான் நாலு நாளாக முட்டிக்கொண்டிருக்கிறோம். சொற்பட்டியல் பக்கத்துக்கு 'அருஞ்சொற்பொருள்' என்று பெயர் வைப்போம். பக்கத்தின் பெயரை அமைப்பில் மாற்றிக்கொள்ள நீட்சி இடம் கொடுக்கிறது. பெட்டிக்குத் தனிப்பெயர்.

பெட்டிக்கு என் பரிந்துரை: எழுகுறிப்பு.

எழுந்த, எழுகின்ற, எழும் குறிப்பு. வினைத்தொகை. தேடுபொறி, தொடுதிரை, இயங்குதளம் எல்லாம் இதே வார்ப்புதான், எல்லாம் நிலைத்துவிட்டன. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் நடுவில் க் போடுவதா வேண்டாமா என்ற சண்டையும் இல்லை. எழுவதற்குச் சுட்டி காரணமா, விரலா, விசையா என்று அந்தச் சொல் கேட்பதில்லை. வேற்றுமை ஏற்றிப் பார்த்தேன்: எழுகுறிப்பை மூடு, எழுகுறிப்பில் படம் வேண்டாம், எழுகுறிப்புகளை நிறுத்து. நாக்கில் தடுக்கவில்லை. என்னைப் பொறுத்தவரை இந்தச் சோதனைதான் முக்கியம். எழுவாயாக மட்டும் அழகாக நிற்கும் சொற்கள் நம் கலைச்சொல் அகராதிகளில் நிறையவே இருக்கின்றன. 'ஐ' சேர்த்துப் பார்த்தால் பாதி மூச்சு வாங்கும்.

வேற்றுமை என்றதும் இன்னொன்று. தலைப்புக்குக் கொஞ்சம் வெளியே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்திக்குள் சொல்லைக் கண்டுபிடிப்பது தமிழில் எவ்வளவு தொல்லை என்று பார்க்க, நானே ஒரு துண்டு நிரல் எழுதினேன். எழுத்துகள் தொடர்ந்து வந்தால் அது ஒரு சொல், எழுத்து அல்லாதது வந்தால் அங்கே வெட்டு: அவ்வளவுதான் விதி. புவியியல் பட்டியல் ஒன்றைக் கொடுத்து ஓடவிட்டேன். 'கல்' என்ற சொல்லுக்குப் பொருள் எங்கே தோன்றியது தெரியுமா? 'கல்வி'யில். கல் வரைக்கும் கோடு, வி தனியாக நின்றது. திரும்பத் திரும்பப் பார்த்த பிறகுதான் விளங்கியது. யூனிக்கோடில் புள்ளியும் கொம்பும் காலும் எழுத்து என்ற வகையில் இல்லை. அவை இணைப்புக் குறிகள். க, ல இரண்டும் எழுத்து. புள்ளி வந்ததும் என் நிரல் வெட்டிவிட்டது. பிறகு வ, பிறகு அதன் குறி. ஆக என் நிரலின் கண்ணுக்குக் 'கல்' என்பது கல, புள்ளி என்ற இரண்டு துண்டு. அதே இரண்டு துண்டு கல்வியின் தலையிலும் இருக்கிறது. கல்வியில் கல் கிடைத்தது. 'கற்கள்' என்று எழுதிய இடத்திலோ கிடைக்கவே இல்லை, ஏனென்றால் அங்கே லகரம் றகரமாகிவிட்டது!

முதல் பிழையை விதியில் இணைப்புக் குறிகளையும் சேர்த்துச் சரிசெய்துவிட்டேன். இரண்டாவதற்கு அப்படிச் சுலபமான வழியில்லை. மரம் மரத்தை ஆகும், ஆறு ஆற்றில் ஆகும், சொல் சொற்கள் ஆகும். இப்போதைக்கு அடிக்கடி வரும் வடிவங்களையும் பட்டியலில் தனித்தனியாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். கல், கல்லை, கல்லில், கற்கள், கற்களை. பட்டியல் பார்க்க அசிங்கமாக இருக்கிறது, வேலை நடக்கிறது. உருபனியல் பகுப்பாய்வி (சொல்லை வேராகவும் விகுதியாகவும் பிரித்துக் காட்டும் நிரல்) எதையாவது இதனோடு இணைத்துப் பார்த்தவர்கள் இருந்தால் தனி இழையில் எழுதுங்கள், நான் வருகிறேன்.

நீளமாகிவிட்டது.

அன்புடன்.

* * *

தம்பி,

அரும்பதவுரையைப் பக்கத்தின் பக்கம் ஒதுக்கிவிட்டீர்கள், பரவாயில்லை, முழுக்கத் தள்ளாமல் விட்டதற்கு நன்றி. எழுகுறிப்பில் எனக்கு ஒரு குறை. காதில் விழும்போது நன்றாக இருக்கிறது. கண்ணில் படும்போது 'எழுதுகுறிப்பு' என்று படிக்கிறேன். உங்கள் மடலிலேயே மூன்று இடத்தில் அப்படிப் படித்துவிட்டுத் திரும்பி வந்தேன். வயதான கண்ணின் கோளாறு என்று சொல்லிவிடாதீர்கள், வீட்டில் பேத்தியிடம் காட்டினேன், அவளும் முதல்முறை அப்படித்தான் படித்தாள். இரண்டாம் முறை சரியாகப் படித்துவிட்டு, "அப்படீன்னா என்ன தாத்தா?" என்றாள். செய்து காட்டியதும், "ஓ, பொருள் வருதே, அதுவா" என்றாள்.

அவள் சொன்னதை யோசித்துப் பாருங்கள். அவளுக்குப் பெட்டியின் பெயர் தேவைப்படவில்லை.

இன்னொன்று, குமிழ்க்குறிப்பு என்று ஒருவர் முதல் நாளே எழுதினார், யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கென்னவோ அது மோசமில்லை.

* * *

ஐயா, வணக்கம்.

எழுதுகுறிப்புக் குற்றச்சாட்டை ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் எழுதிய பிறகு எனக்கும் அப்படித்தான் தெரிகிறது, இனி மாறாது போலிருக்கிறது. இருந்தாலும் கைவிட மாட்டேன். தேடுபொறியைத் தேடு பொரி என்று கேலி செய்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. குமிழ்க்குறிப்பைக் கவனிக்காமல் விட்டது என் தவறு. அதை எழுதியவர் மன்னிக்க வேண்டும். ஆனால் இப்போதைய பெட்டிகள் குமிழ் போல இருப்பதில்லை, சதுரமாக நிழலோடு வருகின்றன. உருவத்தை வைத்துப் பெயர் வைத்தால், கையசைவுக்கு நேர்ந்ததே அதற்கும் நேரும்.

உங்கள் பேத்தி சொன்னதுதான் எனக்குப் பெரிதாக உதவியது. காலையில் உதவிப் பக்கத்தைத் திறந்து என் மொழிபெயர்ப்பைப் படித்தேன். "கலைச்சொல்லின் எழுகுறிப்பைக் காண, சொல்லின் மேல் சுட்டியை நிறுத்தவும்" என்று எழுதி வைத்திருந்தேன். அதை அடித்துவிட்டு, "கோடிட்ட சொல்லைத் தொட்டால் பொருள் தெரியும், சுட்டியை அதன்மேல் வைத்தாலும் தெரியும்" என்று மாற்றினேன். பெயர்ச்சொல்லே போய்விட்டது. வாசகர் பார்க்கும் எல்லாச் சரங்களிலும் இப்படிச் செய்ய முடிந்தது. மிஞ்சியது நிர்வாகிகள் பார்க்கும் அமைப்புப் பக்கமும் நீட்சியின் விளக்கமும் மட்டும்தான். அங்கே பெயர் வேண்டும், அங்கே எழுகுறிப்பு என்று போட்டிருக்கிறேன். அதைப் படிப்பவர் பத்துப் பேர், பத்துப் பேரும் இந்த இழையில் இருக்கிறார்கள். பிடிக்காதவர்கள் மொழிபெயர்ப்புப் பக்கத்தில் வந்து மாற்றலாம், காரணத்தை மட்டும் எழுதிவிட்டு மாற்றுங்கள்.

ஒரு சரம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. ஒரு பக்கத்தில் இந்தக் கோடுகளே வேண்டாம் என்றால், பக்கத்துக்குள் நோகிளாசரி (NOGLOSSARY) என்ற மாயச்சொல்லை, அதாவது மென்பொருளுக்கான கட்டளைச் சொல்லை, இருபுறமும் இரட்டை அடிக்கோட்டோடு ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் வழிமாற்றுக்குத் தமிழிலேயே '#வழிமாற்று' என்று எழுதுகிறோம், இதற்கும் தமிழில் ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும். 'பொருள்வேண்டாம்' என்று முதலில் எழுதினேன், துறவி பேசுவது போல இருந்தது. 'அருஞ்சொல்லில்லை' என்று எழுதினேன், அந்தப் பக்கத்தில் அரிய சொல்லே இல்லை என்று பொருள்பட்டது. 'கோடிடாதே' என்பதுதான் இப்போதைக்குக் கையில் இருக்கிறது. யாரிடமாவது இதைவிட நல்லதாக இருக்கிறதா?