பெங்களூர்: 16-க்கு 22 அடி போர்டிகோவில் மூன்றாவது கார் நிறுத்த வழி உண்டா?

ராமமூர்த்திநகர்வாசி:

வணக்கம். ராமமூர்த்தி நகரில் 30-க்கு 40 மனையில் எங்கள் வீடு. தெருவில் நின்று பார்த்தால் வலதுபக்கம் போர்டிகோ, இடதுபக்கம் 13 அடிக்கு காம்பவுண்டுச் சுவர். போர்டிகோவின் உள் அகலம் 16 அடி, ஆழம் 22 அடி. வீட்டு வாசல் போர்டிகோவின் இடது பின்மூலையில் இருக்கிறது. இதுவரை என் ஸ்விஃப்டும் மனைவியின் வேகன்-ஆரும் பின்சுவரைப் பார்த்து அக்கம்பக்கமாக நின்றன. ஒரு சிக்கலும் இல்லை.

போன மாதம் அப்பாவை தர்மபுரியிலிருந்து இங்கேயே அழைத்து வந்துவிட்டோம். அம்மா போன பிறகு அங்கே தனியாக விட மனமில்லை. அவருடன் 1997-இல் வாங்கிய வெள்ளை மாருதி 800-உம் வந்தது. இப்போது தெருவில், எதிர்வீட்டு மரத்தடியில் நிற்கிறது. பத்து நாளைக்கு முன்னால் குப்பை ஆட்டோ ஒன்று உரசி வலதுபக்கக் கண்ணாடி உடைந்துவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு துணியை எடுத்துக்கொண்டு போய், விழுந்த கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கதவை நனைத்துத் துடைத்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து எனக்கு அந்த வண்டியை உள்ளே கொண்டுவந்தாக வேண்டும் என்று இருக்கிறது.

மூன்றையும் பக்கம் பக்கமாக நிறுத்த அகலம் போதாது. ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்த ஆழம் போதாது: வேகன்-ஆரும் 800-உம் சேர்ந்தாலே 23 அடி வருகிறது. மேலும் கீழுமாக இரண்டு கார் நிறுத்தும் லிஃப்ட் போடலாமா என்று யோசிக்கிறேன். ஸ்லாப் அடிமட்டம் 9 அடி 8 அங்குலம், நடுவில் ஓடும் பீமின் அடி 8 அடி 10 அங்குலம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கம்மனஹள்ளி_ரோடு:

பக்கத்து அபார்ட்மென்ட்டில் யாரிடமாவது காலி பார்க்கிங் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். எங்கள் தெருவில் இரண்டு பேர் அப்படித்தான் விடுகிறார்கள்.

ராமமூர்த்திநகர்வாசி:

கேட்டேன் சார். 600 மீட்டர் தள்ளி ஒன்று கிடைக்கிறது. அப்பா கைத்தடியோடு நடப்பவர், தினமும் காலையில் வண்டியைப் பார்க்காமல் இருக்க மாட்டார். தெரு தாண்டி அனுப்ப எனக்குத் தைரியமில்லை. வீட்டுக்குள்ளேயே வழி தேடுகிறேன்.

செங்கல்மணல்:

கட்டட வேலையில் இருப்பவள் என்பதால் முதலில் லிஃப்ட் கணக்கைப் பார்த்துவிடலாம். 800-இன் உயரம் 140.5 செ.மீ., ஸ்விஃப்ட் 153 செ.மீ. இரண்டையும் கூட்டி, மேல்தட்டின் கனம் ஒரு 12 செ.மீ., மேலே கொஞ்சம் இடைவெளி என்று வைத்தாலே 10 அடி தாண்டுகிறது. உங்கள் பீம் 8 அடி 10 அங்குலத்தில் இருக்கிறது. தட்டைச் சாய்த்து நிறுத்தும் வகையும் அந்த உயரத்தில் நடக்காது. போர்டிகோவுக்கு அடியில் சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த்தொட்டி) இருந்தால், லிஃப்ட் கால்களை எங்கே போல்ட் அடிப்பது என்பதே பெரிய கேள்வி. லிஃப்டை மறந்துவிடுங்கள்.

இரண்டு விஷயம் தெரிய வேண்டும். சம்ப் மூடி எங்கே இருக்கிறது? கேட் எந்தப்பக்கம் திறக்கிறது?

ராமமூர்த்திநகர்வாசி:

நன்றி மேடம். சம்ப் போர்டிகோவுக்கு அடியில்தான். மூடி 2 அடிக்கு 2 அடி, அதன் நடுப்புள்ளி பின்சுவரிலிருந்து 7 அடியில் இருக்கிறது. இப்போது போட்டிருப்பது மெல்லிய இரும்புத் தகடு. 2024 கோடையில் போர்வெல் வற்றி, வாரத்துக்கு இரண்டு டேங்கர் வாங்கினோம், அதனால் அந்த மூடியை மறைக்க முடியாது. கேட் 15 அடி, இரண்டு கதவு, இரண்டும் உள்பக்கம் திறக்கும்.

வெல்டிங்பட்டறை:

தம்பி, உங்கள் இடத்தைத் தின்பது அந்தக் கேட்தான். ஒரு கதவு ஏழரை அடி. உள்பக்கம் மூடித் திறக்க ஏழரை அடி வட்டம் வேண்டும். 22 அடியில் ஏழரையைக் கழித்தால் உங்களுக்கு மிஞ்சுவது பதினான்கரை. இத்தனை வருஷமாக நீங்கள் பதினான்கரை அடி போர்டிகோவில்தான் வண்டி நிறுத்தி வந்திருக்கிறீர்கள்.

வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நடைபாதைக்கு மேல் கதவு வருவது சரியில்லை, ஒரு குழந்தை சைக்கிளில் வந்தால் என்ன ஆகும்? ஒற்றை ஸ்லைடிங் கேட் போட 15 அடி ஓடுவதற்குச் சுவர் வேண்டும், உங்களுக்கு 13 அடிதான் இருக்கிறது. அதனால் டெலஸ்கோப் கேட் போடுங்கள். இரண்டு தகடு ஒன்றன் பின்னால் ஒன்று ஒளிந்துகொள்ளும், இடதுபக்கம் 8 அடி போதும். தரையில் இரண்டு தண்டவாளம் வரும். அதைத் தரைமட்டத்துக்குப் புதைத்து, மழைத்தண்ணீர் போக ஓட்டை விடச் சொல்லுங்கள். மண் அடைத்துக்கொண்டால் கேட் ஓடாது. மாதம் ஒரு முறை பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். சுவரில் மீட்டர் பெட்டி எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

செங்கல்மணல்:

அண்ணா சொன்னது மிகச் சரி. கேட் மாறினால் முழு 22 அடியும், அதாவது 6.70 மீட்டரும் உங்களுடையது. அப்படியென்றால் 800-ஐ நீளவாக்கில் வைக்காதீர்கள். பின்சுவரை ஒட்டிக் குறுக்காக வையுங்கள்.

அதன் அகலம் 1.44 மீட்டர்தான். சுவரிலிருந்து 15 செ.மீ. விட்டால் 1.59 மீட்டரோடு முடிந்துவிடும். முன்னால் ஸ்விஃப்ட் 3.845 மீட்டர், கேட்டுக்கு 20 செ.மீ. விடுங்கள். நடுவில் 1.06 மீட்டர் மிஞ்சுகிறது, அதாவது மூன்றரை அடி நடைபாதை. உங்கள் சம்ப் மூடி பின்சுவரிலிருந்து 6 முதல் 8 அடிக்குள் வருகிறது, அது இந்த நடைபாதைக்குள்ளேயே விழுகிறது. டேங்கர் குழாயை இரண்டு காருக்கும் இடையில் இழுத்துவிடலாம். 800-இன் நீளம் 3.335 மீட்டர். வலதுசுவரை ஒட்டி வைத்தால் இடதுபக்கம் சுமார் நான்கரை அடி வீட்டு வாசலுக்குக் கிடைக்கும்.

அடுத்து அகலம். வேகன்-ஆர் 1.62, ஸ்விஃப்ட் 1.735. 4.88 மீட்டரில் கழித்தால் ஒன்றரை மீட்டர் மிச்சம். இதை மூன்று இடத்தில் சமமாகப் பிரித்தால் எந்தக் கதவும் ஒழுங்காகத் திறக்காது. இடதுபக்கக் காரை முன்னோக்கி உள்ளே விடுங்கள், வலதுபக்கக் காரை ரிவர்ஸில் உள்ளே விடுங்கள். நம் ஊரில் ஸ்டியரிங் வலதுபக்கம் என்பதால் இரண்டு ஓட்டுநர் கதவும் நடுப்பக்கமே திரும்பும். சுவர்ப்பக்கம் ஒரு சாணுக்குச் சற்று அதிகமாக, 25 செ.மீ. விட்டு, கண்ணாடியை மடக்கிவிடுங்கள். நடுவில் ஒரு மீட்டர் கிடைக்கும். மற்றவர்கள் கேட்டுக்கு வெளியிலேயே இறங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ராமமூர்த்திநகர்வாசி:

மேடம், அண்ணா, இருவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு காரையும் தெருவில் நிறுத்திவிட்டு, மகளின் சாக்பீஸால் தரையில் மூன்று வண்டியையும் வரைந்தேன். அப்பா கைத்தடியோடு கோட்டுக்குள் நடந்து பார்த்தார். வாசலில் இறங்கி, நடைபாதையில் திரும்பி, 800 வரும் இடத்தில் நின்று கதவு திறப்பதுபோல் கையை வீசினார். தடி எங்கேயும் கோட்டைத் தொடவில்லை.

மீட்டர் பெட்டி கேட் தூணிலிருந்து 10 அடியில் இருக்கிறது, தடையில்லை.

இரண்டு சந்தேகம். மனைவி வேகன்-ஆரைக் கொடுத்துவிட்டு க்ரெட்டா வாங்கலாம் என்கிறார். அது இந்தக் கணக்கில் வருமா? அப்புறம், 800-ஐக் குறுக்காகத் திருப்புவது எப்படி?

செங்கல்மணல்:

க்ரெட்டா 4.33 மீட்டர். நடைபாதை 58 செ.மீ. ஆகிவிடும், அதில் தடியோடு நடக்க முடியாது. 2006 பட்ஜெட்டில் 4 மீட்டருக்குள் இருக்கும் சின்னக் கார்களுக்கு வரி குறைத்ததிலிருந்து அந்த நீளத்துக்குள் நிறைய வண்டிகள் வந்துவிட்டன. உயரமான வண்டி வேண்டுமென்றால் அவற்றில் ஒன்றைப் பாருங்கள். நடைபாதை மூன்றடிக்குக் குறையாது.

பழையவண்டிப்பிரியன்:

திருப்புவதை நான் சொல்கிறேன், என்னிடம் இரண்டு பழைய வண்டி இருக்கிறது. நான்கு சக்கரத்துக்கும் அடியில் ஒவ்வொரு டாலி வையுங்கள். எல்லாப் பக்கமும் திரும்பும் காஸ்டர் சக்கரம் வைத்த இரும்புத் தட்டு, டயர் அதில் உட்கார்ந்துகொள்ளும். டிராலி ஜாக்கால் ஒரு பக்கமாகத் தூக்கி இரண்டிரண்டாக உள்ளே தள்ளலாம். 800 சுமார் 650 கிலோதான், இரண்டு பேர் தள்ளினால் நகரும். மூலைக்கு மூலை அளந்தால் 3.63 மீட்டர், உங்கள் அகலத்துக்குள் நின்ற இடத்திலேயே சுழலும். ஆனால் மற்ற இரண்டு காரும் அந்த ஐந்து நிமிஷம் வெளியே இருக்க வேண்டும்.

இனி நான் பட்டுத் தெரிந்துகொண்டவை. உங்கள் தரையில் கட்டம் போட்ட பார்க்கிங் டைல்ஸ் இருக்கிறதா? அப்படியென்றால் கடையில் விற்கும் 2 அங்குலச் சக்கர டாலி அந்தப் பள்ளத்தில் சிக்கி நின்றுவிடும். நான் ஒரு மாலை முழுக்க ஒரு மூலையை அசைக்க முடியாமல் நின்றிருக்கிறேன். பெரிய சக்கரமாக வேண்டும், இல்லையென்றால் வண்டி சுழலும் இடத்தில் மட்டும் டைல்ஸை எடுத்துவிட்டு வழவழப்பான கல் போடுங்கள். சாதஹள்ளிக் கல் நன்றாக இருக்கும்.

தரை கேட்டை நோக்கிச் சரிவாகத்தான் இருக்கும். 22 அடிக்கு 3 அங்குலச் சரிவு என்றாலும் 650 கிலோ வண்டியை ஏழு கிலோ விசை எப்போதும் கீழ்ப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். குறுக்காக நிற்கும் வண்டி நேராக உங்கள் ஸ்விஃப்ட்மேல் போய் மோதும். பூட்டு உள்ள காஸ்டர் வாங்குங்கள், மரக்கட்டை வையுங்கள், பின்சுவரில் ஒரு வளையம் அடித்துச் சங்கிலியும் போடுங்கள். சம்பின் தகடு மூடியை மாற்றி, 10 டன் தாங்கும் வார்ப்பிரும்பு மூடி போடாமல் அதன்மேல் எதையும் உருட்டாதீர்கள்.

கடைசியாக ஒன்று, இதைத் தயவுசெய்து கவனியுங்கள். ஓட்டுநர் கதவு நடைபாதைப் பக்கம் வர வேண்டுமென்றால் வண்டியின் மூக்கு வலதுசுவரைப் பார்க்கும். அப்போது சைலன்சர் உங்கள் வீட்டு வாசலைப் பார்க்கும். அந்த நிலையில் ஒருபோதும் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, அது நேராக வீட்டுக்குள் போகும். சும்மா ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் ஓடவிடுவதால் வண்டிக்கும் நன்மையில்லை, எண்ணெயில் ஈரம்தான் சேரும். பேட்டரிக்கு ஒரு சின்ன சார்ஜர் மாட்டுங்கள். வாரம் ஒரு முறை வெளியே எடுத்து அரைமணி நேரம் ஓட்டுங்கள்.

தமிழ்நாட்டுப் பதிவு என்பதால் இன்னொன்று: வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவின்படி இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். தர்மபுரியில் தடையில்லாச் சான்றிதழுக்கு இப்போதே எழுதிப் போடுங்கள்.

ராமமூர்த்திநகர்வாசி:

சைலன்சர் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை அண்ணா. அப்பா தர்மபுரியில் தினமும் காலையில் ஸ்டார்ட் செய்து பார்ப்பவர். இன்று உட்கார வைத்து விளக்கிச் சொன்னேன். "அப்போ சாவியை நீயே வெச்சிக்கோ, ஞாயித்துக்கிழமை கொடு" என்று என் கையில் கொடுத்துவிட்டார்.

ராமமூர்த்திநகர்வாசி (ஏழு வாரம் கழித்து):

கேட் போட்டாயிற்று. சம்ப் மூடியும் மாற்றிவிட்டோம். வண்டி சுழலும் இடத்தில் மட்டும் டைல்ஸை எடுத்துவிட்டுக் கல் பதித்தோம். டாலியைக் கடையில் வாங்கவில்லை, கேட் செய்தவரே செய்து கொடுத்தார். 800-க்கு 12 அங்குலச் சக்கரம் என்பதால் தட்டு சின்னதாகவே போதுமானது. முதல் முறை திருப்ப எங்களுக்கு 40 நிமிஷம் ஆனது, எதிர்வீட்டுக்காரரும் வந்து கைகொடுத்தார். போன ஞாயிறு கால்மணி நேரத்தில் முடிந்தது.

ஒரு தவறு செய்தேன், மற்றவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். ஸ்விஃப்டை எங்கே நிறுத்துவது என்று கண்ணளவில் விட்டுவிட்டேன். இரண்டாம் நாளே நடைபாதை இரண்டரை அடியாகிவிட்டது, அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார். அன்றே இரண்டு காருக்கும் சக்கரம் முட்டும் ரப்பர் கட்டையைத் தரையில் போல்ட் அடித்துவிட்டேன். இப்போது யார் நிறுத்தினாலும் அதே இடம்தான்.

பழையவண்டிப்பிரியன்:

மகிழ்ச்சி தம்பி. ரப்பர் கட்டைக்கு போல்ட் போட்ட இடம் சம்ப் ஸ்லாப்மேல் இல்லையே?

ராமமூர்த்திநகர்வாசி:

இல்லை அண்ணா. மேடம் சொன்னது ஞாபகம் இருந்தது. சம்பின் விளிம்பை முதலில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, அதற்கு வெளியே ஓரடி தள்ளித்தான் துளை போட்டேன்.

வெள்ளந்தூர்_மழை:

எங்கள் வீட்டிலும் இதே கட்டம் போட்ட டைல்ஸ்தான். டாலிக்கு என்ன காஸ்டர் போட்டீர்கள்?

ராமமூர்த்திநகர்வாசி:

5 அங்குலம், பாலியூரித்தேன் சக்கரம், நான்கு டாலியிலும் இரண்டிரண்டு பூட்டு உள்ளவை. தட்டைக் காஸ்டர்களுக்கு நடுவில் தாழ்வாகத் தொங்கும்படி வெல்டு செய்யச் சொல்லுங்கள், தரையிலிருந்து ஓர் அங்குலம் இருந்தால் போதும். மேலே வைத்துவிட்டால் ஜாக் எட்டாது.