லுமியானே போதுமாம்! அப்படியானால் இது எந்த ஊர் வெயில்?

மஞ்சக்குப்பத்தான்:
வீட்டைக் கட்டுமுன் கணினியில் படமாக்கும் மென்பொருள்களைப் பற்றி நேற்று ராஜா எழுதியது: "லுமியான் இருந்தால் போதும், பிளெண்டர் எல்லாம் வேலையில்லாதவன் பொழுதுபோக்கு." கூடவே முத்தியால்பேட்டை வீடு ஒன்றின் படம். வடக்கு பார்த்த வாசல், ஜூன் மாதம், உச்சிப்பொழுது. வீட்டு நிழலோ திண்ணையைத் தாண்டி வடக்கே தெருவில் கிடக்கிறது! புதுச்சேரி 12 டிகிரி அட்சரேகை. ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கும். நிழல் தெற்கே விழ வேண்டாமா?

ரெண்டர் ராஜா:
அண்ணே, படத்தைப் பார்த்ததும் வீட்டுக்காரர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். காம்பஸோடு வரவில்லை. வீட்டுக்குள் நடந்து பார்ப்பதுபோன்ற வாக்த்ரூ வீடியோவை லுமியானில் சாயங்காலத்துக்குள் முடித்துவிடுவேன். உங்கள் பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரில் ஒரு ஃபிரேம் வருவதற்குள் டீ குடித்துவிட்டே வந்துவிடலாம்.

மஞ்சக்குப்பத்தான்:
வேகத்தையா கேட்டேன்? நிழலைக் கேட்டேன். வீட்டு மாடல் வரையும் ஸ்கெட்சப்பில் ஊரை மாற்றாமல் விட்டால் அமெரிக்காவின் போல்டர் நகரத்தில் நிற்கும். அது 40 டிகிரி. உச்சிவேளைச் சூரியன் அங்கே வடக்கே போகவே போகாது.

ரெண்டர் ராஜா:
லுமியானுக்குத் தனிச் சூரியன் இருக்கிறது அண்ணே. சன் ஸ்டடி எஃபெக்டில் ஊர், தேதி, நேரம் எல்லாம் போடலாம். தொட்டுப் பார்க்காமல் பேசக் கூடாது.

மஞ்சக்குப்பத்தான்:
போடலாம். போட்டீர்களா?

திண்ணைப் பையன்:
சார், நான் மூன்றாம் வருடம். இதே வேலைக்கான டி5 ரெண்டர் மென்பொருள் ஓட எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?

லாஸ்பேட்டை சிவில்:
ஜூன் உச்சியில் சூரியனின் வடக்குச் சாய்வு 11, 12 டிகிரிதான். 2 அடி சன்ஷேட் இருந்தால் கீழே கிட்டத்தட்ட 10 அடிக்குச் சுவரில் வெயிலே படாது. இதற்கா இவ்வளவு சண்டை?

மஞ்சக்குப்பத்தான்:
சுவரில் படாதது வேறு, நிழல் எதிர்ப்பக்கம் விழுவது வேறு. சரி, உச்சியை விடுங்கள். ஜூன் காலை 8 மணிக்கு சூரியன் கிழக்கிலிருந்து வடக்கே தள்ளியிருக்கும். வெயில் வடக்குச் சுவரை உரசிக்கொண்டு போகும். சுண்ணாம்புப் பூச்சில் கரணை இழுத்த தடம் ஒவ்வொன்றுக்கும் தனி நிழல் விழும். பிளெண்டரில் சன் பொசிஷன் ஆட்-ஆனில் அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம் கொடுத்தால் அது அப்படியே வரும். காசு ஒன்றும் இல்லை. சிலர் கிராக் போட்டு ஓட்டுகிறார்களே, அந்தப் பாவமும் இல்லை.

ரெண்டர் ராஜா:
யாரைச் சொல்கிறீர்கள்? நான் சந்தா கட்டுகிறேன். கடலூரில் உட்கார்ந்துகொண்டு பாண்டி வெயிலுக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

மஞ்சக்குப்பத்தான்:
தென்பெண்ணையைத் தாண்டினால் வேறு சூரியனா? உங்கள் ஊர் ஆசிரம விடுதி கோல்கொண்டேயைப் போய்ப் பாருங்கள். அதைக் கட்டிய கட்டடக் கலைஞர் ஆன்டனின் ரேமண்ட் வடக்கு, தெற்கு இரண்டு பக்கமும் லூவர், அதாவது சாய்வுப் பலகை அடுக்கு, வைத்தாரே, சும்மாவா?

ரெண்டர் ராஜா:
அது காற்றுக்கு.

மஞ்சக்குப்பத்தான்:
வெயிலுக்கு. காற்றுக்கு ஜன்னல் போதும்.

லாஸ்பேட்டை சிவில்:
இரண்டுக்கும்தான் ஐயா!

மஞ்சக்குப்பத்தான்:
நீங்கள் சும்மா இருங்கள். ராஜா, போன வருடம் பீச் ரோடு ஹோட்டல் படத்தில் கடலுக்குள் சூரியன் மறைந்ததே, அது யார் கைவேலை?

ரெண்டர் ராஜா:
அது உதயம்.

மஞ்சக்குப்பத்தான்:
கீழே "மாலை 6 மணி" என்று எழுதியிருந்தது! ஐரோப்பாவில் எடுத்த எச்டிஆர்ஐ வானப் படத்தை மாட்டிவிட்டு, மரமும் அங்கிருந்தே இறக்கி, புதுச்சேரி என்று பெயர் வைத்தால் ஆயிற்றா?

ரெண்டர் ராஜா:
2023 பதிப்பிலிருந்து லுமியானில் ஒளிக்கதிர் போகும் வழியைக் கணக்கிடும் ரே டிரேசிங்கே வந்துவிட்டது. இவர் இன்னும் நிழலை அளந்துகொண்டிருக்கிறார்.

மஞ்சக்குப்பத்தான்:
தப்பான பக்கத்திலிருந்து டிரேஸ் செய்தால் தப்பான நிழல்தான் துல்லியமாக வரும். வடக்கு எது? அதைச் சொல்லுங்கள் முதலில்.

திண்ணைப் பையன்:
சார், கார்டு...

ரெண்டர் ராஜா:
சொல்கிறேன். தீபாவளிக்கு என்னிடம் வாங்கிய மர மாடல் ஃபைலுக்குக் காசு எப்போது வரும் என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பத்தான்:
வேப்பமரம் கேட்டேன், மேப்பிள் கொடுத்தீர்கள். அதற்குக் காசு வேறா?