நாம ஓட்டே போடாம மேயர் எப்பிடி மாறுனாரு?

பேட்டை பய:
எல்லாருக்கும் வணக்கம். ஏழெட்டு வருஷம் துபாய்ல கெடந்துட்டு போன மாசந்தான் நம்ம திருநெல்வேலிக்கு வந்தேன். எங்க தெரு வாறுகால் அடைச்சு வாசல்ல தண்ணி நிக்கி, கவுன்சிலர்ட்ட சொன்னா மேல சொல்லிருக்கேன்ங்காரு. அந்த மேல யாருன்னு கேட்டா மேயராம், ஆனா 2022ல போன்ல எங்க வீட்டுல சொன்ன பேரு வேற, இப்ப சொல்லுத பேரு வேற. நடுவுல தேர்தலே நடக்கலல்லாங்கா எங்க அம்மா. 2011ல மேயருக்கு ஒண்ணு கவுன்சிலருக்கு ஒண்ணுன்னு ரெண்டு ஓட்டு போட்டேன், நல்லா ஞாபகம் இருக்கு. அது என்னாச்சு?

டவுண் அண்ணாச்சி:
தம்பி, இப்ப நமக்கு ஒரே ஓட்டுதான். கவுன்சிலர நாம எடுக்கோம், அந்த கவுன்சிலருக சேந்து மேயர எடுக்காவ, மறைமுகத் தேர்தல்ங்கது அதான். 2022 பிப்ரவரி 19 ஓட்டுப்பதிவு, 22 எண்ணிக்கை, மொத்தம் 55 வார்டுல திமுக மட்டும் 44, கூட்டணியோட 51, அதிமுகவுக்கு 4தான். மார்ச் 4ல திமுக சரவணன் போட்டியே இல்லாம மேயரானாரு, இனி அஞ்சு வருஷத்துக்கு சத்தமே இருக்காதுன்னு டீக்கடைல பேசிக்கிட்டோம், ஆனா எதிர்க்கட்சி இல்லாத எடத்துல சொந்தக் கட்சியே எதிர்க்கட்சியா ஆயிருச்சு. 2024 ஜனவரில நம்பிக்கையில்லா தீர்மானம், அன்னைக்குப் பாத்து ஒரு கவுன்சிலர் கூட மன்றத்துக்கு எட்டிப் பாக்கல, தீர்மானம் படுத்துருச்சு. பெறவு ஜூலைல அவரே ராஜினாமா. ஆகஸ்ட் 5 மறைமுகத் தேர்தல்ல திமுக நிறுத்துன ராமகிருஷ்ணனுக்கு 30, அதே கட்சிலேந்து எதுத்து நின்னவருக்கு 23, செல்லாத ஓட்டு 1. ஒருத்தர் வரவே இல்ல.

பாளை அக்கா:
அந்தச் செல்லாத ஓட்டப் போட்ட மகராசன் யாருன்னு எனக்கு இன்னைக்கு வர தெரியணும். வீடு வீடா வந்து எந்தச் சின்னத்துல எப்பிடி அமுக்கணும்னு நமக்குப் பாடம் எடுத்தவுக தானே எல்லாரும்.

பேட்டை பய:
சிரிச்சிட்டேன் அக்கா. அண்ணாச்சி, கட்சி நிறுத்துன ஆளுக்கு எதுரா 23 பேரு போட்டா பதவி போவாதா?

தச்சை தம்பி:
போவாது. கட்சித் தாவல் தடைச் சட்டம் எம்எல்ஏ எம்பிக்குத்தான், நம்ம ஊரு கவுன்சிலருக்கு கெடையாது, போதாததுக்கு ரகசிய ஓட்டு வேற. உங்க ரெண்டு ஓட்டு கதை பெரிய கதை: 1996, 2001 நேரடி, 2006 மறைமுகம், 2011 நேரடி, 2016ல மறைமுகம்னு மாத்துனாவ, 2018ல திரும்ப நேரடின்னாவ, 2019 நவம்பர்ல அவசரச் சட்டம் போட்டு திரும்ப மறைமுகம். இதுல 2016 அக்டோபர்லேந்து 2022 வர மன்றமே இல்ல, அதிகாரிக ஆட்சிதான். சட்டத்த மட்டும் மாத்தி மாத்தி வச்சுக்கிட்டு தேர்தல நடத்தாம இருந்தாவ பாருங்க, அதான் எனக்கு எரிச்சலு.

பேட்டை பய:
அப்ப பழையபடி நேரடியா வச்சாதான் நல்லது. மக்கள் ஓட்டு வாங்குனவர உள்ள உக்காந்து கவுக்க முடியாதுல்லா.

டவுண் அண்ணாச்சி:
வே, அவசரப்படாதீரும். 2011ல நீரு நேரடியா ஓட்டு போட்ட மேயர் விஜிலா சத்தியானந்த் 2014ல ராஜ்யசபாவுக்குப் போயிட்டாவ, இடைத்தேர்தல் வந்துச்சு, நேரடித் தேர்தல்தான், ஆனா கடைசி நேரத்துல எதுத்து நின்ன பாஜக வேட்பாளர் வாபஸ் வாங்கி போட்டியே இல்லாம முடிஞ்சிருச்சு. அப்பவும் நமக்கு மையி வைக்கல.

பாளை அக்கா:
நேரடியோ மறைமுகமோ, வாறுகாலுக்கு மேயர்ட்ட போவாண்டாம் தம்பி. மண்டல ஆபீஸ்ல சுகாதார ஆய்வாளர் பேருக்கு மனு எழுதி ரசீது வாங்கும், வாய்ல சொன்னா காத்தோட போயிரும். எங்க தெருவுல நாங்க பொம்பளைங்க ஆறு பேரு சேந்து போனோம், மூணாம் நாளு ஆள் வந்துச்சு. பாதி வார்டு பொம்பளைங்களுக்குன்னு சட்டம் இருக்கு, எங்க கவுன்சிலரும் பொம்பளதான், போன் அடிச்சா எடுக்கது அவுக வீட்டுக்காரரு.

பேட்டை பய:
காலைல மனு குடுத்தாச்சு அக்கா. ரசீது கேட்டதுக்கு ஒரு மாதிரி பாத்தாவ, ஆனா குடுத்துட்டாவ. தண்ணி இன்னும் நிக்கி.