தீவில் அடுக்குமாடியா, பத்து காவானில் தரை வீடா?

கணக்குப்பிள்ளை:
என் அக்காள் மகன் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். அடுத்த ஆண்டு கல்யாணம். தீவில் 850 சதுர அடி அடுக்குமாடி வீடா, பாலம் கடந்து பெருநிலத்தில் பத்து காவான் பக்கம் வரிசை வீடா என்று குழம்புகிறான். அரசின் மிகக் குறைந்த விலை வீடுகளுக்கான வருமான வரம்பை அவன் சம்பளம் தாண்டிவிட்டது. கடலோரக் கொண்டோ, அதாவது சொகுசு அடுக்குமாடி, எட்டாது.

பிறைவாசி:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தரை வீடுதான். துளசி மாடம் வைக்க, வீட்டு விசேஷத்துக்குப் பந்தல் போட இடம் வேண்டாமா? பத்து காவானிலிருந்து தீவுக்குப் போகும் 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலம் 2014இலேயே திறந்தாயிற்று. மோட்டார் சைக்கிளுக்கு 2019 முதல் சுங்கமும் கிடையாது.

ஆயர் ஈத்தாம் அக்கா:
அடைமழையில் அந்தப் பாலத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டியிருக்கிறீர்களா அண்ணா? பந்தல் என்றோ ஒரு நாள், வேலை தினமும். நாங்கள் பதினான்காம் மாடியில் இருக்கிறோம். கதவுக்கு வெளியே சாண் அகலத்தில்தான் கோலம். சாமி கோபித்துக்கொள்ளவில்லை.

பிறைவாசி:
சாமி கோபிக்காது, நிர்வாகம் கோபிக்கும். வங்கிக் கடன் தீர்ந்தாலும் பராமரிப்புக் கட்டணம் தீராது. அதற்கு மேல், கட்டடத்தின் பெரிய பழுதுகளுக்கான ஒதுக்கு நிதிக்கு அந்தக் கட்டணத்தில் பத்து விழுக்காடு. என் தம்பி குடியிருப்பில், கட்டாதவர்களின் வீட்டு எண்களை மின்தூக்கி வாசலில் ஒட்டியிருக்கிறார்கள். நிதானமாகப் படிக்கலாம், இரண்டு மின்தூக்கிகளில் ஒன்று எப்போதும் பழுது.

பழைய ஜார்ஜ்டவுன்:
இருவரும் கட்டடத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். பினாங்கில் விலைபோகாத கொண்டோக்கள் தேங்கிக் கிடக்கின்றன. நடுத்தரச் சம்பளக்காரனுக்குக் கட்டுப்படியாகும் வீட்டுக்குத்தான் பஞ்சம். பழைய கட்டடங்களின் வாடகையை ஏற விடாமல் வைத்திருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000இல் முழுதாக நீங்கியதும் கடைவீடுகளைக் காலி செய்த குடும்பங்கள் எத்தனை! 2009இல் நம்மவர்கள் மாடு வளர்த்து வாழ்ந்த கம்போங் புவா பாலா கிராமத்தை மாட்டுக்கொட்டகைகளோடு இடித்துவிட்டு அங்கே எழுப்பியதும் கொண்டோதான். நிலத்துக்கு விலை ஏறும்போதெல்லாம் நம்மவர்கள்தான் மூட்டை கட்டுகிறார்கள். அதை ஒரு தேர்வு என்று சொன்னால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஆயர் ஈத்தாம் அக்கா:
நியாயம்தான் ஐயா. ஆனால் அந்தப் பையன் அடுத்த ஆண்டு எங்கேயாவது குடியேறியாக வேண்டுமே. பெண் எங்கே வேலை செய்கிறாள்? அதை யாருமே கேட்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
தீவில், புலாவ் திக்குஸ் பக்கம் ஒரு மருத்துவமனையில் தாதி. பாதி நாள் இரவுப் பணி.

ஆயர் ஈத்தாம் அக்கா:
இரவுப் பணி முடித்து விடியற்காலை அரைத் தூக்கத்தில் அவள் பாலம் கடக்க வேண்டுமா? பந்தலை அண்ணன் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம்.

பிறைவாசி:
சரி, ஓரிரு ஆண்டுகள் தீவில் வாடகைக்கு இருக்கட்டும். வாங்குவது மட்டும் தரை வீடாக இருக்கட்டும். பந்தலுக்கு என் வாசல் தயார்.