அப்பா வாங்கி வந்த ஆன்டிஆக்ஸிடன்ட் டப்பா: சாப்பிடலாமா, வேண்டாமா?

வில்லியனூர் மகன்
அப்பாவுக்கு 67 வயது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். தினமும் காலையில் பஸ் பிடித்துப் போய் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நடக்கிறார். கூட நடக்கும் ஒருவர் காந்தி சிலை பக்கத்தில் ஒரு டப்பாவை அவர் தலையில் கட்டிவிட்டார். கிரீன் டீ சாறு, திராட்சை விதை, முருங்கை இலை. 60 கேப்சூல் 1,450 ரூபாய். "இரும்பு மாதிரி உடம்பும் துருப்பிடிக்கிறது, ஃபிளவனாய்டு அந்தத் துருவை எடுத்துவிடும்" என்றாராம். ஃபிளவனாய்டு என்பது செடிகளில் இயற்கையாக இருக்கும் ஒரு வகைப் பொருளாம். பத்து நாளாக வீட்டில் துருப் பேச்சுதான். ரசத்தில் உப்பு குறைந்தாலும் துரு. இதில் உண்மை ஏதாவது இருக்கிறதா?

உப்பளம் நடையாளி
இருக்கிறது தம்பி. இதே மாதிரி ஒன்றை நான் எட்டு மாதமாகச் சாப்பிடுகிறேன், சுறுசுறுப்பாக இருக்கிறேன். நெதர்லாந்தில் ஜுட்ஃபென் என்ற ஊரில் 65 முதல் 84 வயது வரையுள்ள 805 ஆண்களை ஐந்து வருடம் கவனித்தார்கள். ஃபிளவனாய்டு அதிகம் சாப்பிட்டவர்களிடம் இதய நோய்ச் சாவு குறைவு. 1993-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. எல்லாவற்றையும் ஏமாற்று என்று சொல்லத்தான் இங்கே ஆள் இருக்கிறது.

லேப் அக்கா
அந்த ஆய்வை நானும் வகுப்பில் சொல்வேன் சார். ஆனால் அவர்களுக்கு ஃபிளவனாய்டு கிடைத்தது டீ, வெங்காயம், ஆப்பிளிலிருந்து. சராசரியாக ஒரு நாளைக்கு 26 மி.கி. தான். கேப்சூல் கணக்கிலேயே இல்லை. அப்புறம் 1997-ல் வேல்ஸின் கேர்ஃபில்லியில் இதேபோல் பார்த்தபோது அந்தப் பலன் தெரியவில்லை. அங்கே டீயில் பால் ஊற்றிக் குடிப்பார்கள், அதனால் இருக்குமோ என்று ஊகித்தார்கள். நம் டீக்கடை பாய்லரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

துருக் கதைக்கு வருகிறேன். சோதனைக் குழாயில் குவெர்செட்டின் என்ற ஃபிளவனாய்டைப் போட்டால், செல்களைத் தாக்கும் ஃப்ரீ ராடிக்கல் என்ற மூலக்கூறுகளை அடக்குகிறது, உண்மைதான். ஆன்டிஆக்ஸிடன்ட் என்பது இந்த வேலையைத்தான். உடம்பு சோதனைக் குழாய் இல்லையே. குடலும் ஈரலும் அதை வேறு பொருளாக மாற்றிவிடுகின்றன. ரத்தத்தில் மிஞ்சுவது பெரும்பாலும் லிட்டருக்கு ஒரு மைக்ரோமோலுக்கும் கீழே, அதாவது மிகச் சொற்பம். அங்கே யூரிக் அமிலம் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் ஏற்கெனவே நூற்றுக்கணக்கான மைக்ரோமோல் இருக்கிறது. ஆப்பிள் சாப்பிட்டதும் ரத்தத்தின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் ஏறுகிறதே என்று தோண்டிப் பார்த்தார்கள். பழத்தின் ஃப்ரக்டோஸ் யூரிக் அமிலத்தைக் கூட்டியதுதான் காரணம்!

தவிர, ராடிக்கல் எல்லாமே எதிரி இல்லை. வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்வதே அதை வைத்துத்தான். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்துச் சோதித்தார்கள். பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது. 1994 செய்தி இது.

உப்பளம் நடையாளி
கத்திரிக்காய்க்கு விலை கேட்டால் சுரைக்காய்க்குச் சொல்கிறீர்கள் டீச்சர். பீட்டா கரோட்டின் ஃபிளவனாய்டே இல்லை! கேப்சூல் ஆய்வுதான் வேண்டுமா? அமெரிக்காவில் 21,442 பேர், தினம் 500 மி.கி. கொக்கோ ஃபிளவனால் (அதுவும் ஃபிளவனாய்டு வகைதான்), 2022-ல் முடிவு வந்தது. இதயச் சாவு 27 சதவீதம் குறைவு. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

லேப் அக்கா
பீட்டா கரோட்டின் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அது கரோட்டினாய்டு என்ற வேறு வகை. 'ஆன்டிஆக்ஸிடன்ட் என்றாலே நல்லது' என்ற பேச்சுக்கு அது பதில், உங்கள் கேப்சூலுக்கு இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

கொக்கோ ஆய்வும் நல்ல ஆய்வுதான். ஆனால் அவர்கள் முதலில் கேட்ட கேள்வி, மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் சேர்த்து இதயக் கோளாறுகள் குறைகிறதா என்பது. அதில் தெரிந்த 10 சதவீதக் குறைவு தற்செயலாகவும் இருக்கலாம் என்றுதான் புள்ளியியல் சொன்னது. 27 என்பது இரண்டாம் நிலைக் கணக்கு. அதற்குப் பணம் கொடுத்தவர்களில் சாக்லேட் செய்யும் மார்ஸ் குழுமமும் உண்டு. பலன் இருந்தாலும் துரு எடுப்பதால் இருக்காது. ரத்தக் குழாய் உள்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு கூடி, குழாய் விரிந்து கொடுக்கிறது என்பதே பொருத்தமான விளக்கம்.

சொல்தா பேரன்
எங்கள் தாத்தா பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கியவர். மதியம் ஒரு கிளாஸ் சிவப்பு வைன், 91 வரை இருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் வெண்ணெயும் சீஸும் தின்றும் இதயம் நன்றாக இருக்கிறதே, அது இதனால்தானே? புதுச்சேரியில் இருந்துகொண்டு கேப்சூல் எதற்கு?

லேப் அக்கா
வைனில் இருப்பதாக எல்லோரும் பேசும் ரெஸ்வெராட்ரால் என்ற பொருளும் ஃபிளவனாய்டு இல்லை, நடையாளி சார் திட்டுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். அதைப் பற்றி அமெரிக்காவில் எழுதிக் குவித்த ஒரு ஆராய்ச்சியாளர் 145 இடங்களில் தரவைப் புனைந்தோ திரித்தோ இருந்ததாக 2012-ல் அவருடைய பல்கலைக்கழகமே அறிவித்தது. உங்கள் பாட்டி வைன் குடிக்காமல் எத்தனை வயது வரை இருந்தார்?

சொல்தா பேரன்
94. இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாம்.

பண்ருட்டி முந்திரிக்காரி
நான் சமையல்கட்டிலிருந்து பேசுகிறேன். சின்ன வெங்காயம் உரிக்கும்போது காய்ந்த தோலோடு, அதன் கீழே சிவந்து லேசாக வாடியிருக்கும் ஒரு அடுக்கையும் சேர்த்துப் பிய்த்துப் போட்டுவிடுவேன், கைக்கு வழவழவென்று வரவேண்டும் என்று. குவெர்செட்டின் வெளி அடுக்கில்தான் அதிகம் என்று மகள் பாடப் புத்தகத்தைக் காட்டினாள். இப்போது காய்ந்ததோடு நிறுத்திக்கொள்கிறேன். வேகவைத்தால் கொஞ்சம் தண்ணீரில் இறங்கிவிடுமாம். இறங்கட்டுமே, சாம்பாரை வடித்தா கொட்டுகிறோம்?

இன்னொன்று. என் நாத்தனாருக்கு ரத்தசோகை. சாப்பிட்ட கையோடு டீ குடிப்பாள். டீயில் இருக்கும் பாலிஃபீனால்கள் (இந்த ஃபிளவனாய்டும் அந்தக் குடும்பம்தான்) கீரை, பருப்பில் உள்ள இரும்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு குடலில் ஏற விடாது என்று நர்ஸ் சொன்னார். இப்போது ஒரு மணி நேரம் கழித்துத்தான் டீ. நல்லது என்று எழுதி ஒட்டிய பொருளுக்கும் நேரம் காலம் இருக்கிறது.

உப்பளம் நடையாளி
வெங்காயம் தின்றே பிழைத்துக்கொள்ளலாம் என்றால் மருந்துக்கடை எதற்கு அம்மா?

வில்லியனூர் மகன்
டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு கேப்சூலில் ஈ.ஜி.சி.ஜி. 400 மி.கி., தினம் இரண்டு. முருங்கை வெறும் 20 மி.கி., கொசுறு மாதிரி. ஈ.ஜி.சி.ஜி. என்றால் என்ன அக்கா?

லேப் அக்கா
கிரீன் டீயின் முக்கிய கேட்டசின், அதுவும் ஃபிளவனாய்டுதான். கோப்பையில் குடிப்பது வேறு. சாறாக்கி ஒரு நாளைக்கு 800 மி.கி. அல்லது அதற்கு மேல் போனால் ஈரல் பாதிப்பைக் காட்டும் என்சைம்கள் ரத்தத்தில் ஏறுவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் சொன்னது. உங்கள் அப்பாவின் கணக்கு சரியாக 800. இன்றைக்கே நிறுத்துங்கள். பிரஷர் மாத்திரை எழுதிய டாக்டரிடம் டப்பாவையே எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

உப்பளம் நடையாளி
என் டப்பாவில் அளவே போடவில்லை. நிறுத்த மாட்டேன். ஆனால் திங்கட்கிழமை ஈரல் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கப் போகிறேன். டீச்சர் சொன்னதற்காக இல்லை.

வில்லியனூர் மகன்
அப்பா நிறுத்திவிட்டார். 38 கேப்சூல் மிச்சம். விற்றவர் நாளைக் காலை நடைக்கு வருவாராம், பாதிப் பணமாவது கேட்டு வாங்கு என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறார். கூட நடக்கும் ஆளிடம் எப்படிக் கேட்பது என்று அப்பா நாளைக்கு நடைக்கே லீவு போடப் பார்க்கிறார்.